கால் கூறும் முக்கால் கூறும்: வகுப்பறையில் இணையக் கருவிகள்

(மகாவீர் ஜெயந்தி விழாவின் கல்வி அரங்கில், தென்காசி மாவட்டம் குத்துக்கல்வலசையில் வாழும் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வகுப்பறைக் கற்பித்தலில் இணையக் கருவிகளின் பயன் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். அப்பணிப்போடு ஒரு வினாவும் சேர்ந்து வந்தது. நம் குடும்பங்களைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் டேப்லெட் என வழங்கும் கைக்கணினி ஒன்றைப் பரிசளிக்கலாம் என்னும் எண்ணம் அறக்கட்டளையில் எழுந்துள்ளது. அது தக்கதா என்று கேட்டிருந்தார்கள். நல்ல உள்ளத்தில் பிறந்த எண்ணம் அது. ஆயினும் அதே பணத்தை வேறு வகையில் செலவிட்டால் பிள்ளைகள் மிகுதியும் பயன் பெறுவர் என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை இவ்வவையின்முன் வைக்கிறேன்.

நான் வந்தவாசிப் பகுதியில் பிறந்தவன். பணியின் பொருட்டுத் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் குடியிருக்கிறேன். நம்மவர் மிகச் சிலரே வாழும் பகுதி அது. ஆனால் அங்கிருந்து சங்கரன்கோவில் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் கழுகுமலை வருகிறது. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அம்மலை ஒரு பெரிய கல்விக்கூடமாக விளங்கியது. குரத்தியர் என்று போற்றப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்கள் அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் இன்றும் உள்ளன. சித்தாந்தம் உரைப்போருக்கு உணவளிக்க நிவந்தம் விட்ட செய்தியும் அங்கு உண்டு. நம் வடபகுதியிலுள்ள விடாலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், கனகவீரக் குரத்தியாரிடம் 500 மாணவியர் பயின்றனர் என்றும், அவர்களுக்கு ஓர் இடர் நேர்ந்தபோது உணவளித்துக் காக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர் என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்தில் கூடியிருந்து கற்பதற்கு வேண்டியதைச் செய்தலே நம் முன்னோர் செய்த கல்விக் கொடையின் நடுப்பொருளாக இருந்தது. இதனை நெஞ்சில் இருத்தி மேலே செல்வோம்.

கற்பித்தல் பற்றி நம்மவர் ஒருவர் எழுதிவைத்த கணக்கொன்று உண்டு. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளால் அந்நூலைச் செய்தார். அதற்கு உரை கண்ட மயிலைநாதரும் சமணரே. பின்னர் விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயரோ திருநெல்வேலிச் சைவர். அவரை ஆதரித்தவர் ஊற்றுமலை மருதப்பத் தேவர். அந்த ஊற்றுமலை இன்றைய தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சமயம் கடந்து தமிழ்நாடு முழுவதும் பாடம் கேட்ட நூல் அது.

இலக்கணம் தொடங்குமுன் பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் ஐந்து செய்திகளைப் பேசுகிறார். நூல் எத்தகையது, கற்பிப்பவன் எத்தகையவன், கற்பிக்கும் முறை யாது, கற்பவன் எத்தகையவன், கற்கும் முறை யாது என்பன அவை. கற்கும் முறையைச் சொல்லுமிடத்தில் அவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஒருமுறை கேட்டவன் மீண்டும் கேட்டால் நூலில் பிழைபடுதல் குறையும். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு எடுத்துச் சொல்லும் நிலை வரும். ஆனால் ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கைகூடும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும்.

இன்று சந்தையில் உள்ள கல்விச் செயலிகளையும் கருவிகளையும் இந்தக் கணக்கின் எதிரே நிறுத்திப் பாருங்கள். அவற்றில் எது எந்தப் பங்குக்கு உதவுகிறது என்பது உடனே விளங்கிவிடும்.

முதற் கால் பங்குக்கு உதவும் கருவிகள் இன்று ஏராளம். நடுவண் அரசின் தீக்‌ஷா தளம் 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2018–19 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் பாடந்தோறும் கியூ.ஆர். கோடு அச்சிடப்பட்டது, கைப்பேசியை அதன்மேல் காட்டினால் அப்பாடத்துக்குரிய காணொளி திறக்கும். 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. மணற்கேணி என்னும் செயலியும் பின்னர் வந்தது. காய்ச்சலில் கிடந்து மூன்று நாள் பள்ளிக்கு வராத பிள்ளைக்கு, தவறவிட்ட பாடத்தை மூன்று முறை கேட்கும் வாய்ப்பு முன்பு இல்லை, இன்று உண்டு. வெட்கத்தால் ஐயம் கேளாமல் இருக்கும் பிள்ளை, காணொளியை நிறுத்தி, பின்னே தள்ளி, மீண்டும் கேட்கலாம். பவணந்தியார் சொன்ன இரண்டாம் கேள்வியும் மூன்றாம் கேள்வியும் ஏழைப் பிள்ளைக்கும் எளிதாயின. இது சிறு நன்மையன்று.

கரும்பலகையில் காட்ட இயலாதவற்றைக் காட்டுதல் மற்றொரு நன்மை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்னும் இலவசச் செயல்விளக்கத் தொகுப்பைத் தொடங்கினார். அதில் பல இன்று தமிழிலும் கிடைக்கின்றன. மின்கலம், கம்பி, விளக்கு ஆகியவற்றைத் திரையில் இணைத்துச் சுற்று அமைக்கலாம். தவறாக இணைத்தாலும் யாருக்கும் கேடில்லை. கணிதத்துக்கு ஜியோஜீப்ரா உள்ளது. நம் கணிதப் பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்னும் தலைப்பில் வரும் பயிற்சிகள் பலவும் அதைக் கொண்டு அமைந்தவையே. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கும்போது, உருவம் எவ்வளவு மாறினாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்பதைப் பிள்ளை கண்ணால் காண்கிறது.

இவ்வளவும் முதற் கால் பங்கே. பெரும்பாலான வீடுகளிலும், பல பள்ளிகளிலும்கூட, கருவியின் வேலை இதோடு முடிந்துவிடுகிறது. காணொளி ஓடுகிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், மணி அடிக்கிறது. எஞ்சிய முக்கால் பங்குக்கு வகுப்பறையில் இடம் கிடைப்பதில்லை.

அதற்கு இடம் தரும் வகையிலும் அதே கருவியைக் கையாளலாம். எங்கள் பகுதியின் பாடம் ஒன்றையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

ஜூன், ஜூலைத் திங்களில் குற்றாலத்தில் சாரல் பொழியும். அருவிகளில் கூட்டம் நெரியும். அதே நாளில் கிழக்கே ஆலங்குளம் பக்கம் வெயில் காயும். காற்று மட்டும் வீசும். எங்கள் பிள்ளைகள் பிறந்தது முதல் காணும் காட்சி இது. ஏன் இப்படி என்று கேட்டால் வகுப்பில் விடை வருவதில்லை. நான் முதலில் திரையைத் திறப்பதில்லை. நான்கு நான்கு பேராகப் பிரித்து, அவர்கள் எண்ணும் காரணத்தைத் தாளில் எழுதச் சொல்கிறேன். பிறகு கூகுள் எர்த் தளத்தைப் பெரிய திரையில் திறந்து, நிலப்பரப்பைச் சாய்த்துக் காட்டுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்பதும், செங்கோட்டைக்கு மேற்கே அச்சுவர் தாழ்ந்து கணவாயாக இருப்பதும் தெரியும். அடுத்து வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, கேரளத்தின்மேல் மேகம் திரண்டிருப்பதைப் பார்க்கச் செய்கிறேன். இவ்வளவுக்கும் ஆறு நிமிடம் போதும். அதன்பின் திரையை அணைத்துவிட்டு, அவரவர் எழுதிய காரணத்தைத் திருத்தச் சொல்கிறேன்.

வகுப்பு உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. கணவாய் வழியே ஈரக்காற்று நுழைகிறது என்று ஒரு குழு சொல்லும். அப்படியானால் ஆலங்குளத்துக்கும் மழை வரவேண்டுமே என்று மற்றொரு குழு மறுக்கும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரத்தை இழந்து காய்ந்துவிடுகிறது என்பதை, நான் சொல்லாமலே, விவாதித்து அவர்கள் அடைவார்கள். அந்தக் காற்றைத்தான் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் பயன்படுத்துகின்றன என்று யாரேனும் ஒரு பிள்ளை சேர்த்துச் சொல்லும். அடுத்த வகுப்பில் குற்றால மலையில் தோன்றும் சிற்றாற்றைத் திரையில் பின்தொடர்ந்து, சீவலப்பேரி அருகே அது தாமிரபரணியோடு கலக்கும் இடம்வரை செல்வோம். உடன் பயில்வோரால் வரும் கால் பங்கு என்று பவணந்தியார் சொன்னது இத்தகைய உரையாடலையே என்று எண்ணுகிறேன்.

உரையாடலுக்குத் துணைசெய்யும் கருவிகளும் உள்ளன. பிளிக்கர்ஸ் என்று ஒன்று. அதற்குப் பிள்ளைகளிடம் எந்த மின்கருவியும் வேண்டா. ஒவ்வொருவருக்கும் கட்டம் அச்சிட்ட அட்டை ஒன்று தரப்படும். வினாவுக்கு நான்கு விடைகள். தான் தேர்ந்த விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடிக்கவேண்டும். ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவை வகுப்பின்மேல் ஒருமுறை ஓடவிட்டால் யார் யார் எவ்விடை சொன்னார் என்பது பதிவாகிவிடும். அட்டைகளின் வடிவம் ஒவ்வொன்றும் வேறாதலால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடை சொல்ல முடியாது; தவறாகச் சொன்னவர் பிறர்முன் நாணவும் வேண்டா. வகுப்பில் பாதிப் பேர் தவறியிருந்தால் பாடம் சென்று சேரவில்லை என்று ஆசிரியர் அப்போதே அறிந்துகொள்வார்.

காணொளி அழைப்பும் அத்தகையதே. எங்கள் வகுப்பும் வந்தவாசிப் பக்கத்து வகுப்பொன்றும் அரைமணி நேரம் திரைவழியே சந்தித்துப் பேசின. உங்கள் ஊரில் எப்போது மழை என்று இவர்கள் கேட்க, வடகிழக்குப் பருவமழையே எங்களுக்கு முதன்மை என்று அவர்கள் சொன்னார்கள். நாங்கள் குளம் என்பதை அவர்கள் ஏரி என்கிறார்கள் என்று இவர்கள் வியந்தார்கள். பாசனம், பருவக்காற்று, வட்டார வழக்கு ஆகிய மூன்றும் ஒரே உரையாடலில் வந்து சேர்ந்தன. அதற்கு வேண்டியிருந்தவை இரு முனையிலும் ஒரு திரையும் ஆயத்தம் செய்த ஆசிரியர் ஒருவருமே.

இனி அரைப் பங்கு. பாடத்தை விளங்கிக்கொண்ட பிள்ளை அதனை இரண்டு நிமிடத்தில் தன் சொற்களில் விளக்கி, பெற்றோர் கைப்பேசியில் குரலாகப் பதிவுசெய்ய வேண்டும். கீழ்வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டு ஐயம் எழுப்புவார்கள். நான் தரும் வீட்டுப்பாடங்களில் பிள்ளைகள் விரும்பிச் செய்வது இதுவே. பதிவுசெய்யும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே தெரிகிறது. நான்கைந்து முறை அழித்து மீண்டும் பேசுகிறார்கள். பாட்டியை எதிரே உட்காரவைத்து விளக்கிவிட்டு, அவருக்குப் புரிந்ததா என்று கேட்டபின் பதிவுசெய்கிற பிள்ளைகளும் உண்டு.

பெருமக்களே, இணையத்தின் குறைகளையும் பவணந்தியார் கூறிய உவமைகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் சொன்ன உவமைகளுள் ஒன்று, கழற்காய் பெய்த குடம். இட்ட முறையைவிட்டு எல்லாவற்றையும் ஒருசேரப் பிறழக் கொட்டும் குடம் அது. தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டால் முன்பின் வரிசையின்றி வந்து குவிவதைப் பாருங்கள், அதே குடந்தான். வரிசைப்படுத்தித் தர ஆசிரியர் வேண்டும். கடைமாணாக்கருக்கு அவர் சொன்ன உவமைகளுள் ஒன்று ஆடு. ஒரு செடியில் வயிறாரத் தின்னாமல் இங்கொரு தழை அங்கொரு தழை கடித்து ஓடும். ஒரு காணொளி முடியுமுன் அடுத்ததற்குத் தாவும் பிள்ளையை அறியாத வீடு இங்கு இருக்கிறதா? கைக்கணினியைத் தனியே கொடுத்து அறையில் விட்டால், நல்ல பிள்ளையும் அந்தப் பழக்கத்துக்கு ஆளாகும். பிள்ளையின்மேல் குற்றமில்லை, அடுத்தது, அடுத்தது என்று தாமே ஓடும்படி அத்தளங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

கருவியை மட்டும் வைத்தாலே போதும், பிள்ளைகள் தாமே கற்பர் என்று வாதிடுவோரும் உண்டு. பேராசிரியர் சுகதா மித்ரா 1999இல் டில்லிக் கால்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். சேரிப் பிள்ளைகள் கூடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, அதை இயக்கக் கற்றனர். கவனியுங்கள்: ஒரு கணினி, பல பிள்ளைகள். பின்னர் தமிழ் பேசும் கடலோரச் சிற்றூரான காளிக்குப்பத்தில் உயிர்த்தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்திலேயே கணினியில் இட்டுவைத்தார். தாமே கூடிக் கற்ற பிள்ளைகள் தேர்வில் 30 விழுக்காடு அளவுக்கு எட்டினர். அப்பாடமே அறியாத இளம்பெண் ஒருவர் உடனிருந்து, அடடா, இது எப்படி என்று கேட்டு ஊக்கியபின் 50 விழுக்காட்டைத் தொட்டனர். மித்ரா தம் உரையில் சொன்ன கணக்கு இது. தாமே கற்பர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வே, தோழரும் அன்போடு வினவும் பெரியவரும் வேண்டும் என்பதையும் காட்டுகிறது.

எங்கள் பகுதியில் இன்னொரு சான்றும் உண்டு. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோகோ நிறுவனம் இயங்குகிறது. உலகெங்கும் பயன்படும் இணைய மென்பொருள்கள் அம்மலையடிவாரத்தில் எழுதப்படுகின்றன. அந்நிறுவனம் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞரை உதவித்தொகை தந்து பயிற்றுகிறது. இணையக் கருவிகளை ஆக்கும் அவர்களே, பயிற்றுவதற்கு ஓர் இடம் அமைத்து, ஆசிரியரை அமர்த்தி, கூடிச் செய்யும் பணிகளின்வழி கற்பிக்கிறார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தை நாம் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. திரைவழிக் கல்வி அன்று உயிர்க்கயிறாக உதவியது. ஆயினும் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எதனை நாடியது? தெருத்தோறும் தன்னார்வலர் ஒருவரையும், மாலையில் அவரைச் சுற்றி அமரும் பிள்ளைகளையுமே நாடியது.

ஆதலின் அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஊர்தோறும் மாலைக் கல்வி மையம் ஒன்று அமைத்து, அங்கே பெரிய திரை ஒன்றும் நல்ல ஒலிபெருக்கி ஒன்றும் வாங்குங்கள். ஊரகத்தில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வருவது நாம் அறிந்ததே. எனவே பாடங்களை முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஃபெட் செயல்விளக்கங்கள் இணைப்பின்றியும் இயங்கும். கிவிக்ஸ் என்னும் செயலியால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு நினைவக அட்டையில் கொண்டுசெல்லலாம்.

இரண்டாவது, மையத்துக்கு ஒருவரை ஊதியத்தோடு அமர்த்துங்கள். நம் இல்லங்களில் பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் பெண்மணிகள் பலர் உள்ளனர். குரத்தியர் மரபு அவர்களால் மீண்டும் தொடரட்டும். திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்தியபின் என்ன கேட்பது என்பதில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். கருவிக்கு ஒதுக்கும் தொகையைவிட இதற்கு ஒதுக்குவது மிகுதியாக இருக்கட்டும்.

மூன்றாவது, தனிக் கைக்கணினி உண்மையிலேயே தேவைப்படுவோர் உண்டு; அவர்களுக்கு வழங்குங்கள். பார்வைக் குறைபாடு உடைய பிள்ளைக்கு எழுத்தை ஒலியாக்கிப் படித்துக்காட்டும் கருவி, புத்தகத்துக்கு நிகரானது. ஊரில் ஆசிரியர் கிட்டாத பாடத்தைப் பயிலும் கல்லூரி மாணவருக்கு ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களின் பாடங்கள் அரிய துணை. இவர்கள் தாமே கற்கும் பருவத்தை எய்தியவர்கள்.

நான்காவது, எந்தச் செயலியில் பிள்ளையின் பெயரையும் படத்தையும் பதிகிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவைக் கோருகிறது. பதிவின்றியே பயன்படும் கருவிகளுக்கு முதலிடம் தருதல் நன்று.

நிறைவாக ஒன்று. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் அறம் வகுத்துள்ளது. ஏட்டைப் படியெடுத்துக் கற்போர்க்கு அளித்தது அன்றைய சாத்திர தானம். அவ்வாறு பேணி வைத்த ஏடுகளும், நம்மவர் கும்பகோணத்தில் உடனிருந்து விளக்கிய பொருளும் உதவியதால்தான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்த தமிழ் நூல்களை விலையின்றி இணையத்தில் ஏற்றிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் அப்பணியைச் செய்கிறது. நம் இல்லப் பரண்களில் உறங்கும் பழைய நூல்களையும் ஏடுகளையும் அவ்வாறு ஏற்றும் பணியை மையத்து மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். இணையத்திலிருந்து எடுப்பவர்களாக மட்டும் இருந்த பிள்ளைகள் அதற்குக் கொடுப்பவர்களாகவும் ஆவார்கள். பிறர்க்கு உரைப்பதால் நிரம்பும் அரைப் பங்கு அவ்வழியிலும் அவர்களுக்குக் கைகூடும்.



அறம் வளர்க! கல்வி ஓங்குக! ஜெய் ஜினேந்திரா!